2147483647: இந்த எண் எந்தெந்த வகையில் சேரும்?

நொய்யல்:

வணக்கம். ஒரு நூல் மில்லின் ஸ்டாக் கணக்கு மென்பொருளைக் கவனித்துக்கொள்வது என் வேலை. போன வாரம் ஒரு ரிப்போர்ட் எடுத்தபோது, வேறு வேறு எண்கள் வரவேண்டிய ஒரு பத்தியில் மேலிருந்து கீழ்வரை 2147483647 என்றே நின்றது. கோளாறைக் கண்டுபிடித்துச் சரிசெய்துவிட்டேன். நீளமான பில் எண்களைப் பழைய டேபிளில் சிறிய கட்டத்தில் போட்டு வைத்திருக்கிறார்கள். கொள்ளாத எண் எது வந்தாலும் அந்தக் கட்டம் தன் உச்ச மதிப்பைக் காட்டி நின்றுவிடுகிறது. அந்த வேலை முடிந்தது.

ஆனால் எண் மனதை விட்டுப் போகவில்லை. இரவு சாப்பிட்டுவிட்டு கால்குலேட்டரை எடுத்து 3, 7, 11, 13 என்று வகுத்துப் பார்த்தேன். நூறு வரையுள்ள பகா எண்களில் ஒன்றுகூட மீதியில்லாமல் வகுக்கவில்லை. இருநூற்றுப் பதினான்கு கோடியே எழுபத்து நான்கு லட்சத்து எண்பத்து மூவாயிரத்து அறுநூற்று நாற்பத்தேழு! இவ்வளவு பெரிய எண் பகா எண்ணாக இருக்குமா? இருந்தால் அதைக் கையால் நிறுவ வழி உண்டா? வேறு எந்த வகைகளில் இது சேரும்? நான் படித்தது பி.காம். கொஞ்சம் பொறுமையாகச் சொல்லுங்கள்.

நிரலன்:

முதல் கேள்விக்கு உடனே பதில்: ஆமாம், பகா எண்தான். கணிதர் லியோனார்ட் ஆய்லர் 1772இல் நிறுவியது. கணினி வருவதற்கு ரொம்ப முன்பே.

உங்கள் டேபிளில் ஏன் இது வந்தது என்றால், 32 பிட் கட்டத்தில் (ஒரு பிட் என்பது 0 அல்லது 1 கொள்ளும் இடம்) ஒரு பிட் கூட்டல் கழித்தல் குறிக்குப் போய்விடும். மிச்சம் 31. முப்பத்தொன்றிலும் 1 போட்டு நிரப்பினால் கிடைப்பது 2³¹ − 1, அதாவது உங்கள் எண். உங்கள் டேட்டாபேஸ் உச்சத்தில் நின்றுகொண்டது. வேறு பல இடங்களில் இதோடு ஒன்றைக் கூட்டினால் −2147483648 என்று எதிர்ப்பக்கம் குதித்துவிடும். 1970 ஜனவரி 1இலிருந்து வினாடிகளை எண்ணிவரும் பழைய 32 பிட் கடிகாரங்கள் 2038 ஜனவரி 19 அன்று இந்த எண்ணைத் தொடும். நம் நேரப்படி காலை 8 மணி 44 நிமிடம் 7 வினாடி. நான் எழுதும் கருவி நிரல்கள் சில அதற்குப் பிறகும் ஓடப்போகிறவை. அதனால் இந்த எண்ணோடு எனக்கு தினசரிப் பழக்கம் உண்டு.

கணக்கு டீச்சர்:

நொய்யல், பி.காம். படித்தவருக்குக் கூட்டு வட்டி தெரியும். அது தெரிந்தால் இதுவும் புரியும். ஒன்று, இரண்டு, நான்கு, எட்டு என்று இரட்டித்துக்கொண்டே போங்கள். 31 உறுப்புகளைக் கூட்டினால் 2³¹ − 1 வரும். பத்தாம் வகுப்புப் பெருக்குத் தொடர்தான். இப்படி 2ⁿ − 1 என்ற வடிவில் இருப்பவற்றை மெர்சென் எண்கள் என்கிறோம். 17ஆம் நூற்றாண்டில் பாரிசில் வாழ்ந்த மரேன் மெர்சென் என்ற துறவியின் பெயர்.

இவற்றில் ஒரு எளிய விதி உண்டு. அடுக்கு பகு எண்ணாக இருந்தால் எண்ணும் பகு எண். காரணத்தை இருமத்தில், அதாவது 0, 1 மட்டும் கொண்டு எழுதினால் கண்ணாலேயே பார்க்கலாம். 2⁶ − 1 என்பது 111111. இதை 111 111 என்று இரண்டு கட்டாகப் பிரியுங்கள். 111, அதாவது 7, அதை வகுக்கும் என்பது தெரிந்துவிடும். 63 = 7 × 9. பதின்மத்தில் 999999ஐ 999 வகுப்பது போலத்தான். ஆறு ஒன்றுகளைச் சம கட்டுகளாகப் பிரிக்க முடிகிறது. முப்பத்தொரு ஒன்றுகளை எப்படியும் பிரிக்க முடியாது, 31 பகா எண் என்பதால். எனவே இந்த எண்ணை உடைக்கச் சுலபமான வழி எதுவும் இல்லை.

மீதி பூஜ்யம்:

டீச்சர், நான் பிளஸ் ஒன் படிக்கிறேன். அப்படியானால் அடுக்கு பகா எண்ணாக இருந்தாலே போதும், 2ⁿ − 1 பகா எண் ஆகிவிடும் என்று வைத்துக்கொள்ளலாமா? 3, 7, 31, 127 எல்லாம் சரியாக வருகிறதே.

அப்புறம் 64 பிட்டின் உச்சமான 9223372036854775807 கூடப் பகா எண்தானா?

கணக்கு டீச்சர்:

இரண்டுக்கும் இல்லை, தம்பி. 127ஓடு நிறுத்திவிட்டாயே, அடுத்த பகா அடுக்கையும் போட்டுப் பார்த்திருக்கலாம். 2¹¹ − 1 = 2047 = 23 × 89. ஒரு திசையில் மட்டும் ஓடும் விதி இது: அடுக்கு பகு எண்ணாக இருந்தால் கட்டாயம் உடையும்; பகா எண்ணாக இருந்தால் உடையலாம், உடையாமலும் போகலாம்.

64 பிட் உச்சத்தில் அடுக்கு 63. அது 7 × 9. ஆகவே 2⁷ − 1 = 127 அதை வகுக்கும்; 7, 73 ஆகியவையும் வகுக்கும். வகுத்துப் பார், பத்தொன்பது இலக்கத்தை நோட்டில் வகுப்பது நல்ல பயிற்சி.

வெண்ணாறு:

இந்த எண்ணின் கதையைக் கொஞ்சம் பின்னாலிருந்து சொல்கிறேன். தம்பி கேட்ட அதே கேள்வியில் பெரியவர்களும் சறுக்கியிருக்கிறார்கள்.

இத்தாலியின் பியெத்ரோ கத்தால்தி 1588இல் 2¹⁷ − 1 = 131071, 2¹⁹ − 1 = 524287 இரண்டும் பகா எண்கள் என்று நிறுவினார். வர்க்கமூலம் வரையுள்ள பகா எண்கள் ஒவ்வொன்றாலும் வகுத்து எடுத்த முடிவு. அத்தோடு நிற்காமல் 23, 29, 31, 37 அடுக்குகளும் பகா எண்களையே தரும் என்று எழுதிவிட்டார். 23ஐயும் 37ஐயும் பிரெஞ்சுக் கணிதர் ஃபெர்மா 1640இல் உடைத்தார். 2²³ − 1ஐ 47 வகுக்கும். 2³⁷ − 1ஐ 223 வகுக்கும். 29ஐ ஆய்லர் உடைத்தார்: 233 × 1103 × 2089. நான்கில் தப்பிப் பிழைத்தது 31 ஒன்றுதான்.

மெர்சென் 1644இல் ஒரு பட்டியல் தந்தார்: 2, 3, 5, 7, 13, 17, 19, 31, 67, 127, 257. இதிலும் 67, 257 இரண்டும் தவறு. 61, 89, 107 விடுபட்டுவிட்டன. ஆனாலும் 31 மீண்டும் சரியான பக்கத்தில் இருக்கிறது. இரண்டு பேரும் நிறுவாமல் சொன்னார்கள்; சொன்னது உண்மையாக இருந்தது. நிரூபணம் வர இன்னும் 128 ஆண்டுகள் ஆயின.

1772இல் பெர்னூலிக்கு எழுதிய கடிதத்தில் ஆய்லர் அதைத் தருகிறார். அப்போது அவர் செயின்ட் பீட்டர்ஸ்பர்க்கில் இருந்தார். வயது 65 நெருங்குகிறது, பார்வை ஏறக்குறைய முழுதாகப் போய்விட்டது. எண்களைத் தலைக்குள்ளேயே வைத்துக்கொண்டு, பிறரை எழுதச் சொல்லி வேலை செய்த காலம். இதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு உடம்பு சிலிர்க்கும்.

நொய்யல்:

ஐயா, அந்த நிரூபணம்தான் எனக்கு வேண்டும். வர்க்கமூலம் 46341க்குச் சற்றுக் குறைவாக வருகிறது. அதுவரை சுமார் 4800 பகா எண்கள் இருக்குமே! எல்லாவற்றாலும் வகுத்தாரா?

கணக்கு டீச்சர்:

இல்லை. இந்த இழையில் நான் சொல்ல ஆசைப்பட்டதே இந்த இடம்தான், அதனால் கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன்.

q என்ற பகா எண் 2³¹ − 1ஐ வகுக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். அப்படியென்றால் 2³¹ஐ q ஆல் வகுத்தால் மீதி 1. அதாவது 2, 4, 8, 16 என்று இரட்டித்துக்கொண்டே போய் ஒவ்வொரு முறையும் q ஆல் வகுத்த மீதியை எழுதினால், 31ஆவது அடியில் 1க்குத் திரும்பி வருகிறோம். 31 பகா எண் என்பதால் அதற்குமுன் எங்கும் 1 வந்திருக்க முடியாது. எனவே சுற்றின் நீளம் சரியாக 31.

இன்னொரு பக்கம், ஃபெர்மாவின் சிறிய தேற்றம் 2ஐ q − 1 அடுக்குக்கு உயர்த்தினாலும் மீதி 1 என்று சொல்கிறது. அப்படியானால் q − 1 அடிகளில் முழுச் சுற்றுகளாகத்தான் போயிருக்க வேண்டும். ஆக 31 என்பது q − 1ஐ வகுக்கும். q ஒற்றைப்படை, q − 1 இரட்டைப்படை. இரண்டும் சேர்ந்து 62 என்பது q − 1ஐ வகுக்கிறது. q = 62k + 1. வெண்ணாறு ஐயா கொடுத்த காரணிகளிலேயே இதைச் சரிபார்க்கலாம்: அடுக்கு 29 என்றால் 58k + 1 வரவேண்டும். 233 = 58 × 4 + 1. 1103 = 58 × 19 + 1. 2089 = 58 × 36 + 1.

இன்னும் ஒரு வடிகட்டி இருக்கிறது. 2³¹க்கு மீதி 1 என்றால் 2³²க்கு மீதி 2. ஆனால் 2³² என்பது 2¹⁶இன் வர்க்கம். ஆகவே q உலகத்தில், அதாவது qஆல் வகுத்த மீதிகளை மட்டும் பார்த்தால், 2 என்பது ஒரு வர்க்க எண். அப்படி நடப்பது qஐ 8ஆல் வகுத்தால் மீதி 1 அல்லது 7 வரும்போது மட்டுமே. இரண்டு நிபந்தனைகளையும் கோத்தால் qஐ 248ஆல் வகுத்த மீதி 1 அல்லது 63.

இனி எண்ணுங்கள். 63, 249, 311, 497, 559 என்று 46340 வரை போனால் 373 எண்கள். அதில் 63 பகு எண், அதை எடுத்துவிடலாம். 372. இவற்றிலும் பகு எண்களை நீக்கிவிட்டால் இன்னும் வெகுவாகக் குறையும். 4800 எங்கே, இது எங்கே!

நொய்யல்:

டீச்சர், மூன்று முறை படித்தேன். சுற்று என்று சொன்னதும் பிடிபட்டுவிட்டது. பஸ் ரூட் மாதிரி எடுத்துக்கொண்டேன்: ஒரு டிரிப் 31 நிறுத்தம் என்றால், மொத்த நிறுத்தங்கள் 31இன் மடங்காகத்தான் இருக்க வேண்டும்.

உடனே நோட்டை எடுத்து உட்கார்ந்தேன். முதல் பதினொன்றில் 249, 497, 559, 745, 807, 993, 1055, 1241 எல்லாம் பகு எண்கள். மிச்சம் 311, 1303, 1489 மூன்றுதான்.

311ஆல் வகுத்தால் ஈவு 6905092, மீதி 35.
1303ஆல் மீதி 226.
1489ஆல் மீதி 199.

இதற்கே முக்கால் மணி நேரம் ஆயிற்று.

கணக்கு டீச்சர்:

மூன்றும் சரி! ஆனால் பெரிய எண்ணை எழுதி வகுக்கவே தேவையில்லை. மட்டு எண்கணிதத்தில், அதாவது மீதிகளை மட்டும் வைத்துச் செய்யுங்கள். 1, 3, 7, 15, 31 என்ற அடுக்குகளைப் பாருங்கள். ஒவ்வொன்றும் முந்தையதை இரட்டித்து ஒன்று கூட்டியது. ஆகவே ஒவ்வொரு அடியிலும் கையில் இருப்பதை வர்க்கமாக்கி, இரண்டால் பெருக்கி, மீதி எடுத்தால் போதும்.

311க்கு: 2, 8, 128. அடுத்து 128இன் வர்க்கத்தின் இரு மடங்கு 32768. 311ஆல் வகுத்தால் மீதி 113. அடுத்து 113இன் வர்க்கத்தின் இரு மடங்கு 25538, மீதி 36. ஒன்று கழித்தால் 35. உங்கள் விடை.

1489 இன்னும் அழகு. 32768ஐ வகுத்தால் மீதி வெறும் 10. அதன் வர்க்கம் 100, இரு மடங்கு 200, ஒன்று கழித்தால் 199. மனக்கணக்கிலேயே முடிந்துவிடுகிறது.

மீதி பூஜ்யம்:

நோட்டில் மீதி 1303ஐயும் போட்டேன். 193, பிறகு 227, ஒன்று கழித்து 226. இரண்டு நிமிடம்கூட ஆகவில்லை டீச்சர்!

தொகுப்பாளர்:

இழை நன்றாகப் போகிறது. கேள்வியில் "எந்தெந்த வகை" என்று இருந்ததால் நான் சேகரித்து வைத்திருப்பதையும் இங்கே போடுகிறேன்.

இது 10,50,97,565ஆவது பகா எண். இதற்கு முந்தைய பகா எண் 2147483629, அடுத்தது 2147483659. இரண்டு தள்ளி இன்னொரு பகா எண் இல்லாததால் இரட்டைப் பகா எண் அல்ல. இலக்கங்களைக் கூட்டினால் 46. திருப்பி எழுதினால் 7463847412, இரட்டைப்படை எண். எனவே திருப்பினாலும் பகா எண்ணாக இருக்கும் வகையில் சேராது. இலக்கங்களின் வர்க்கங்களைக் கூட்டிக்கொண்டே போனால் 260, 40, 16, 37, 58, 89, 145, 42, 20, 4, மறுபடி 16 என்று சுழல்கிறது. 1இல் முடியாததால் மகிழ் எண் அல்ல. இருமத்தில் இருபக்கமும் ஒரேமாதிரி வாசிக்கலாம். பதினாறின் அடிமானத்தில் ஒரு 7உம் ஏழு எஃப்களும்.

வெண்ணாறு:

உழைப்புக்கு நன்றி. ஆனால் இந்தப் பட்டியலில் இரண்டு வேறு சரக்குகள் ஒரே மூட்டையில் இருக்கின்றன. பிரித்துப் பார்க்க வேண்டும் என்று எனக்குத் தோன்றுகிறது.

இலக்கக் கூட்டல் 46, திருப்பினால் இரட்டைப்படை, மகிழ் எண் அல்ல என்பவை நாம் பத்தின் அடிமானத்தில் எழுதுவதால் வந்தவை. நமக்கு எட்டு விரல் இருந்திருந்தால் முதல் இரண்டு வரிகளும் மாறிப்போயிருக்கும்; மூன்றாவதை மறுபடி கணக்கிட்டுத்தான் பார்க்க வேண்டும். பகா எண், எத்தனையாவது பகா எண், 8ஆல் வகுத்தால் 7ஐ மீதியாகத் தரும் எண் ஆகியவை எண்ணுடையவை. எப்படி எழுதினாலும் மாறாது.

ஒன்றைச் சேர்க்கிறேன். எந்த இயல் எண்ணையும் நான்கு வர்க்கங்களின் கூட்டலாக எழுதலாம் என்று லக்ராஞ்சு 1770இல் நிறுவினார். மூன்றே வர்க்கங்கள் போதாத எண்கள் சில உண்டு; நம் எண் அவற்றில் ஒன்று. வர்க்கங்களை 8ஆல் வகுத்தால் மீதி 0, 1, 4 மட்டுமே வரும். மூன்றை எப்படிச் சேர்த்தாலும் 7 வராது. நம் எண்ணுக்கு மீதி 7. இப்படி ஒரு குணம் எண்ணின் எலும்பிலேயே இருக்கிறது.

தொகுப்பாளர்:

ஒப்புக்கொள்கிறேன், ஐயா. ஆனால் இரும வாசிப்பை எந்த மூட்டையில் போடுவீர்கள்? அதுவும் எழுதும் முறைதானே?

வெண்ணாறு:

நல்ல கேள்வி. பொதுவாக எழுதும் முறைதான். ஆனால் இந்த எண்ணின் வரையறையே இரண்டின் அடுக்கில் இருக்கிறது. அதனால் இங்கே இருமம் வெறும் உடை அல்ல. டீச்சர் செய்த கட்டுப் பிரிப்பும், வர்க்கமாக்கி இரட்டிப்பதும், நிரலனின் 31 பிட்களும் எல்லாம் அந்த முப்பத்தொரு ஒன்றுகளிலிருந்தே வந்தன. உங்கள் பட்டியலில் அந்த வரியை முதலில் வைத்திருப்பேன்.

நிரலன்:

வேலை இடத்திலிருந்து ஒரு பயன்பாடு. பகா எண் என்பது இங்கே வெறும் பட்டம் அல்ல.

கணினியில் சமவாய்ப்பு எண்களை உண்டாக்க ஒரு பழைய முறை: கையில் ஒரு எண்ணை வைத்துக்கொண்டு, 16807ஆல் பெருக்கி, 2147483647ஆல் வகுத்த மீதியை எடு, அதுவே அடுத்த எண். 1969இல் ஐபிஎம் சிஸ்டம் 360க்காக வந்தது. 1988இல் பார்க், மில்லர் என்ற இருவர் குறைந்தபட்சத் தரம் என்று இதைப் பரிந்துரைத்தார்கள். 1இல் தொடங்கினால் பத்தாயிரமாவது எண் 1043618065 வரவேண்டும் என்பது அவர்கள் கொடுத்த சோதனை. நான் எழுதும் ஒவ்வொரு கருவியிலும் முதலில் இதைத்தான் ஓட்டிப் பார்ப்பேன்.

ஏன் 16807? அது 7⁵. இந்த எண்ணுக்கு 7 ஒரு பிரிமிட்டிவ் ரூட், அதாவது 7இன் அடுக்குகளை எடுத்துக்கொண்டே போனால் 1 முதல் 2147483646 வரை எல்லா மீதிகளையும் தொட்டுவிட்டுத்தான் திரும்பும். 7 மிகச் சிறியது, எண்கள் போதுமான அளவு குலுங்காது. அதன் அடுக்குகளில் எது பொருந்தும்? இங்கே 2147483646இன் காரணிகள் தேவை: 2 × 3² × 7 × 11 × 31 × 151 × 331. அடுக்குக்கும் இதற்கும் பொதுக் காரணி இருக்கக் கூடாது. 7², 7³, 7⁴ மூன்றும் 2ஆலோ 3ஆலோ அடிபட்டுப் போகின்றன. 5 இந்தப் பட்டியலில் இல்லை. எனவே 7க்கு அடுத்து முதலில் தேறுவது 7⁵. மொத்தம் 53 கோடியே 46 லட்சம் பிரிமிட்டிவ் ரூட்கள் இருக்கின்றன. நடைமுறையில் வந்து உட்கார்ந்தது இது.

இன்று இதைவிட நல்ல முறைகள் வந்துவிட்டன. கடவுச்சொல் மாதிரி ரகசிய வேலைக்கு இதை ஒருபோதும் எடுக்காதீர்கள்.

கணக்கு டீச்சர்:

அடடா, 7⁵க்கு இவ்வளவு பின்னணி இருப்பது எனக்கே இன்றுதான் தெரியும். பிள்ளைகளிடம் "காரணிப்படுத்தல் எதற்கு" என்ற கேள்வி வரும்போது இனி இதைச் சொல்வேன்.

நிறை எண் பற்றி யாரும் பேசவில்லையே. தன்னைத் தவிர்த்த வகுத்திகளின் கூட்டல் தனக்கே சமமாக இருந்தால் நிறை எண். 6 = 1 + 2 + 3. அடுத்தது 28. மெர்சென் பகா எண் ஒன்று கிடைத்தால் அதிலிருந்து ஒரு நிறை எண் கிடைக்கும் என்று யூக்ளிட் காட்டியிருக்கிறார். நம்முடையது எட்டாவது மெர்சென் பகா எண். அது தரும் எட்டாவது நிறை எண் 2³⁰ × 2147483647 = 2305843008139952128.

வெண்ணாறு:

பீட்டர் பார்லோ என்ற ஆங்கிலேயக் கணிதர் 1811இல் எண் கோட்பாட்டு நூல் ஒன்றில், டீச்சர் எழுதிய இந்த நிறை எண்ணைப் பற்றி, இனி எவரும் இதைவிடப் பெரியதைக் கண்டுபிடிக்கப் போவதில்லை என்று எழுதினார். இவை ஆர்வத்துக்கு உரியவை மட்டுமே, பயன் இல்லை, ஆகவே யாரும் முயலமாட்டார்கள் என்பது அவர் காரணம். 1876இல் பிரெஞ்சுக் கணிதர் லூக்கா 39 இலக்கமுள்ள 2¹²⁷ − 1 பகா எண் என்று நிறுவினார். 1883இல் ரஷ்யாவில் பெர்வூஷின் என்ற பாதிரியார், மெர்சென் பட்டியலில் விடுபட்ட 2⁶¹ − 1ஐக் கண்டார். இப்போது தெரிந்தவற்றில் மிகப் பெரியது 2024 அக்டோபரில் அறிவிக்கப்பட்ட 2¹³⁶²⁷⁹⁸⁴¹ − 1. 4,10,24,320 இலக்கங்கள். அதுவும் மெர்சென் எண்தான். மனிதர்கள் முயல்கிறார்கள், பயன் பார்த்து மட்டும் அல்ல.

மீதி பூஜ்யம்:

ஐயா, 2⁶¹ − 1ஐ எழுதிப் பார்த்தேன். 2305843009213693951. டீச்சரின் நிறை எண் 2305843008139952128. முதல் ஒன்பது இலக்கங்கள் ஒன்றேதான்! தவறாகப் போட்டுவிட்டேனோ என்று இரண்டு முறை சரிபார்த்தேன். கழித்தால் 1073741823 வருகிறது.

நிரலன்:

தவறு இல்லை, தம்பி. 2³⁰ஐ உள்ளே பெருக்கு: நிறை எண் என்பது 2⁶¹ − 2³⁰. பெர்வூஷினுடையது 2⁶¹ − 1. வித்தியாசம் 2³⁰ − 1. அந்த 1073741823 யார் என்று தெரிகிறதா? நான் மேலே காரணிப்படுத்திய 2147483646இல் சரிபாதி.

கணக்கு டீச்சர்:

அக்கம்பக்கத்தாரையும் பார்த்துவிடலாம். ஒன்று கூட்டினால் 2³¹; அதோடும் ஒன்று கூட்டினால் 2147483649 = 3 × 715827883, அந்த 715827883உம் பகா எண். இரு மடங்காக்கி ஒன்று கூட்டினால் 4294967295 = 3 × 5 × 17 × 257 × 65537. இந்த ஐந்தும் ஃபெர்மா பகா எண்கள், அதாவது 2ஐ 1, 2, 4, 8, 16 அடுக்குகளுக்கு உயர்த்தி ஒன்று கூட்டியவை. ஒற்றைப்படைப் பக்கங்கள் கொண்ட ஒழுங்கு பலகோணங்களில், அளவுகோலும் காம்பஸும் மட்டும் கொண்டு வரைய முடியும் என்று தெரிந்த மிகப் பெரியதற்கு இத்தனை பக்கங்கள்தான். அதோடு 2 கூட்டினால் 4294967297. எல்லா ஃபெர்மா எண்களும் பகா எண்கள் என்று நம்பியிருந்ததை ஆய்லர் 641 × 6700417 என்று உடைத்த இடம். ஒரே தெருவில் இவ்வளவு பேர் குடியிருக்கிறார்கள்.

மீதி பூஜ்யம்:

எனக்கு ஒன்று தோன்றியது. 31ஏ ஒரு மெர்சென் பகா எண், 2⁵ − 1. அதை அடுக்காக வைத்து நம் எண் கிடைத்தது. அப்படியானால் நம் எண்ணையே அடுக்காக வைத்தால்? 2ஐ 2147483647 முறை பெருக்கி ஒன்றைக் கழித்தால் அதுவும் பகா எண்ணாக இருக்குமா?

வெண்ணாறு:

இரட்டை மெர்சென் எண்கள் என்று இவற்றுக்குப் பெயர். அடுக்கில் 3, 7, 31, 127 வைத்தவை நான்கும் பகா எண்கள். உன் யோசனைப்படி 2147483647ஐ வைத்தால் சுமார் 64 கோடியே 64 லட்சம் இலக்கமுள்ள எண் வரும். அது பகா எண் அல்ல. 295257526626031 அதை வகுக்கிறது.

மீதி பூஜ்யம்:

டீச்சரின் விதிப்படி அந்தக் காரணியிலிருந்து ஒன்றைக் கழித்து, 2147483647இன் இரு மடங்கால் வகுத்தால் மீதி வரக்கூடாது. நோட்டில் ஒரு பக்கம் முழுக்கப் போட்டேன். 4294967294 × 68745 = 295257526626030. சரியாக வருகிறது! 8ஆல் வகுத்தாலும் மீதி 7தான்.

ஆனால் இது காரணியாக இருக்க முடியும் என்பதைத்தானே காட்டுகிறது? உண்மையிலேயே வகுக்கிறதா என்று எப்படிப் பார்ப்பது? 64 கோடி இலக்கத்தை எழுத முடியாதே.

கணக்கு டீச்சர்:

311க்குச் செய்ததையே செய். அங்கே அடுக்கு 31, இருமத்தில் ஐந்து ஒன்றுகள். நான்கு அடிகள் தேவைப்பட்டன. இங்கே அடுக்கு 2147483647, முப்பத்தொரு ஒன்றுகள். எனவே முப்பதே அடிகள். 2இல் தொடங்கு, வர்க்கமாக்கு, இரட்டி, 295257526626031ஆல் வகுத்த மீதியை எடு. முப்பதாவது அடியில் 1 வந்தால் வகுக்கிறது என்று பொருள்.

நொய்யல்:

பதினைந்து இலக்க எண்ணின் வர்க்கம் என்பதால் கால்குலேட்டர் தாங்கவில்லை. மில்லில் மதியச் சாப்பாட்டு நேரத்தில் பைத்தானில் நான்கு வரி எழுதினேன், அதற்கு இலக்க வரம்பு இல்லை. 2, 8, 128, 32768, 2147483648 என்று தொடங்கி, ஐந்தாவது அடியிலிருந்து மீதிகள் தாறுமாறாக ஓடின. இருபத்தெட்டு, இருபத்தொன்பது வரைக்கும் ஒரு ஒழுங்கும் தெரியவில்லை. முப்பதாவது அடியில் 1 என்று மட்டும் வந்து நின்றது.